மின்சாரம் நின்ற பிறகு மிஞ்சும் கணக்கு: தோட்டத்துக் கருவிகளுக்கான கோப்பு முறைமைகள் குறித்த மதிப்பாய்வு

மலேசியாவின் பகாவ் நகரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் முன்பு தாள் பேரேடுகள் செய்துவந்த பல வேலைகளை இன்று சிறு மின்னணுக் கருவிகள் செய்கின்றன. மழைமானி, டீசல் தொட்டியின் அளவுமானி, எடை மேடையில் லாரியின் எடையைப் பதியும் பெட்டி, ஒவ்வொருவரும் வெட்டிய குலைகளை மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) எண்ணிப் பதியும் கைக்கருவி, ஆலையில் கொதிகலனின் வெப்பத்தைக் குறித்துவைக்கும் பதிவி என்று அவை பல வகைப்படும். இவற்றை அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் தொழில். ஒவ்வொன்றின் உள்ளேயும், மின்சாரம் இல்லாதபோதும் தரவை வைத்திருக்கும் ஒரு ஃபிளாஷ் சில்லும், அதில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் மென்பொருளான ஒரு கோப்பு முறைமையும் இருக்கின்றன. வாங்க வருபவர் விலையைக் கேட்கிறார், திரையின் தெளிவைப் பார்க்கிறார், உறைக்குள் நீர் புகுமா என்று விசாரிக்கிறார். கோப்பு முறைமையைப் பற்றிக் கேட்டவரை நான் கண்டதில்லை. குலை வெட்டியவரின் அன்றைய கூலி மாதக் கணக்கில் ஏறுமா ஏறாதா என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது என்பதால், என் கைவழியே சென்ற கோப்பு முறைமைகளை இங்கே மதிப்பிட்டு வைக்கிறேன்.

இவ்வட்டாரத்தில் மின்சாரம் சொல்லிவிட்டு நிற்பதில்லை. பிற்பகலில் திரளும் இடிமழை, கம்பியின்மேல் விழும் செம்பனை மட்டை, ஆலை தன் நீராவிச் சுழலியிலிருந்து டீசல் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகள், கைக்கருவியின் தளர்ந்த மின்கலம், யாரோ அவசரத்தில் பிடுங்கிவிடும் இணைப்பு எனக் காரணங்கள் பல இருந்தாலும் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகவே எந்தக் கோப்பு முறைமையையும் முதலில் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அதற்கு முன் எழுதியவை முழுமையாக இருக்குமா, கருவி யாருடைய உதவியும் இல்லாமல் மீண்டும் எழுமா? வேகம் எனக்கு இரண்டாம்பட்சம். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் மழைமானிக்கு நொடிக்குப் பத்து மெகாபைட் எழுதும் திறனால் ஒரு பயனும் இல்லை.

ஃபிளாஷின் இயல்பை அறியாமல் இந்தத் தேர்வைச் செய்ய இயலாது. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்காவின் குழு உருவாக்கிய இந்த நினைவகத்தின் நோர் வகை 1984-இலும் நாண்ட் வகை 1987-இலும் உலகுக்கு அறிமுகமாயின. இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. எழுதும்போது ஒரு பிட்டை 1-இலிருந்து 0-ஆக மாற்றலாம். 0-ஐ மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால் அதைச் சேர்ந்த தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். சிறு கருவிகளில் உள்ள நோர் சில்லில் அந்தத் தொகுதி பொதுவாக 4 கிலோபைட். பரவலாகக் கிடைக்கும் பழைய நாண்ட் சில்லில் 2 கிலோபைட் அளவுள்ள 64 பக்கங்கள் சேர்ந்த 128 கிலோபைட். ஒவ்வொரு அழிப்பும் சில்லைச் சற்றே தேய்க்கிறது. ஒரு செல்லுக்கு ஒரு பிட் வைக்கும் எஸ்எல்சி வகை ஏறக்குறைய 1,00,000 அழிப்புகளைத் தாங்கும். இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி சில ஆயிரங்களில் களைத்துவிடும்; மூன்று பிட் வைக்கும் டிஎல்சி அதனினும் குறைவு. நாண்ட் சில்லுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில பழுதான தொகுதிகளோடுதான் வருகின்றன. அது குறைபாடாகக் கருதப்படுவதில்லை, சில்லின் விவரத்தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1,00,000 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். எண்ணெய் ஓட்டமானியின் கூட்டுத்தொகையை நொடிக்கு ஒருமுறை ஒரே 4 கிலோபைட் தொகுதியில் அழித்து எழுதினால் அந்த எண் 28 மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் 69 நாட்கள் வரும். அதே எழுத்தை 1 மெகாபைட் பகுதியின் 256 தொகுதிகளிலும் சமமாகப் பரப்பினால், நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாலும் கணக்கின்படி 48 ஆண்டுகள் தாங்கும். தேய்மானத்தைப் பரப்புவது எவ்வளவு அடிப்படையான வேலை என்பதற்கு இந்தக் கணக்குப் போதும். அதைச் செய்பவர் யார் என்பதில்தான் கோப்பு முறைமைகள் பிரிகின்றன.

வெற்று ஃபிளாஷ் என்பது ஒரு வகை: சில்லு நேரடியாகச் செயலியோடு இணைந்திருக்கும், பழுதான தொகுதியை ஒதுக்குவது, தேய்மானத்தைப் பரப்புவது, பிழை திருத்துவது யாவும் மென்பொருளின் பொறுப்பு. எஸ்.டி. கார்டு, யூஎஸ்பி குச்சி, பலகையில் பற்றவைக்கப்பட்ட இஎம்எம்சி ஆகியவை மற்றொரு வகை. இவற்றின் உள்ளேயே ஒரு கட்டுப்படுத்தி இருந்து இந்த வேலைகளைச் செய்துவிட்டு, வெளியே ஒரு சாதாரண வன்தட்டைப் போல முகம் காட்டுகிறது. முதல் வகைக்கு எழுதப்பட்ட கோப்பு முறைமையை இரண்டாவதன்மேல் வைப்பதும், இரண்டாவதற்கானதை முதலாவதன்மேல் வைப்பதும் நான் பழுதுபார்க்க வாங்கிய கருவிகளில் அடிக்கடி கண்ட தவறு. சில்லின் எண்ணைப் பார்த்து அது எந்த வகை என்று அறிந்துகொள்வது இந்தத் தேர்வின் முதல் படி.

சிறு கருவிகளில் தொடங்குகிறேன். மழைமானியும் தொட்டி அளவுமானியும் இஎஸ்பி32 போன்ற நுண்கட்டுப்படுத்திகள் எனப்படும் சிறு செயலிகளில் ஓடுகின்றன. 4 மெகாபைட் நோர் சில்லு, சில நூறு கிலோபைட் நினைவகம், லினக்ஸ் இயங்குதளம் கிடையாது. இந்த இடத்தில் நான் மனமாரப் பரிந்துரைப்பது லிட்டில்எஃப்எஸ். ஆர்ம் நிறுவனத்தில் கிறிஸ்டோஃபர் ஹேஸ்டர் எழுதி 2017-இல் வெளியான இந்தக் கோப்பு முறைமை, மின்தடையை விதிவிலக்காகக் கருதாமல் அன்றாட நிகழ்வாகக் கருதி வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு அடைவின் (கோப்புகளைத் தொகுத்து வைக்கும் பட்டியலின்) விவரமும் இரண்டு தொகுதிகளில் இணையாக இருக்கும். மாற்றங்கள் அவற்றில் ஒன்றில் சிறு சிறு பதிவுகளாக வரிசையாகச் சேரும். இடம் நிறைந்ததும் சுருக்கப்பட்ட வடிவம் மற்றதில் எழுதப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் சரிபார்ப்புத் தொகை உண்டு என்பதால், பாதியில் நின்றுபோன பதிவை மறுமுறை தொடங்கும்போது அது கண்டுகொண்டு புறக்கணித்து, அதற்கு முந்தைய நிலையையே உண்மையாக எடுத்துக்கொள்கிறது. கோப்பின் உள்ளடக்கமோ பழைய இடத்தின்மேல் எழுதப்படுவதில்லை. புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே அடைவு அதைச் சுட்டுகிறது.

நடைமுறையில் இதன் பலனை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும் கருவியின் மின்சாரத்தை ரிலே ஒன்றின் மூலம் ஒழுங்கற்ற இடைவெளிகளில் துண்டித்து, ஒவ்வொரு பதிவிலும் வரிசை எண்ணும் சிஆர்சி என்ற சரிபார்ப்புத் தொகையும் வைத்து, மீண்டும் எழுந்ததும் எண்கள் தொடர்கின்றனவா என்று பார்ப்பது என் சோதனை முறை. லிட்டில்எஃப்எஸ் இந்தச் சோதனையில் கடைசி ஒத்திசைவுக்கு, அதாவது எழுதியதைச் சில்லில் உறுதிப்படுத்தும் கட்டளைக்கு, பிந்தைய வரிகளை இழந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு வரியையும் எனக்கு இழந்து காட்டியதில்லை. பழுதுநீக்கும் கருவி எதையும் ஓட்ட வேண்டியதில்லை, எழும் நேரமும் நீள்வதில்லை. கோப்புகள் எத்தனை இருந்தாலும் அது எடுத்துக்கொள்ளும் நினைவகம் வளர்வதில்லை என்பது இவ்வளவு சிறிய செயலியில் மிகப் பெரிய நிம்மதி.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். கோப்பைத் திறந்து மணிக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்து, ஒத்திசைக்காமலும் மூடாமலும் விட்டால், மின்சாரம் போகும்போது அவ்வளவும் போய்விடும். கோப்பு திறப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே மீண்டு வரும். இது வடிவமைப்பின் நேர்மையான விளைவு என்றாலும், விவரம் அறியாமல் எழுதியவருக்கு ஒரு நாள் மழை முழுவதும் காணாமல் போனதாகத் தெரியும். கோப்பின் இறுதியில் சேர்ப்பது எளிது. நடுவில் ஒரு பைட்டை மாற்றினால் அந்த இடத்திலிருந்து கடைசி வரை மீண்டும் எழுதப்படும். ஆகையால் தரவுத்தளம் போல இடையிடையே திருத்தும் வேலைக்கு இது பொருந்தாது, பதிவேட்டுக்கு மிகப் பொருந்தும். காலி இடம் தேடும்போது கோப்பு முறைமை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்ப்பதால் அவ்வப்போது ஒரு தாமதம் எழும். உணரியை நொடிக்குப் பலமுறை வாசிக்கும் கருவியில் அந்த வாசிப்பைத் தனிப்பணியாகப் பிரித்து வைத்தால் இது உறுத்தாது. 128 கிலோபைட் தொகுதிகள் உள்ள நாண்ட் சில்லில் அடைவுகளைச் சுருக்கும் வேலை மிக மெதுவாகிவிடுகிறது என்பதால், அங்கே இதை நான் வைப்பதில்லை.

இஎஸ்பி குடும்பத்தில் பழைய கருவிகள் பலவற்றில் ஸ்பிஃப்ஸ் இருக்கிறது. அடைவுகள் கிடையாது, பெயரில் உள்ள சாய்கோடும் பெயரின் ஒரு பகுதியே. பகுதியின் முக்கால் பங்கு நிறைந்த பிறகு காலி இடத்தைத் திரட்டுவதற்கு அது திணறுகிறது, சில எழுத்துகள் பல நொடிகள் வரை நீள்கின்றன. இஎஸ்பி8266-க்கான ஆர்டுயினோ தொகுப்பே அதைக் கைவிடும்படியும் லிட்டில்எஃப்எஸ்ஸுக்கு மாறும்படியும் சொல்லிவிட்டது. புதிய கருவியில் இதை வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஃபேட் முறைமையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தோட்ட அலுவலகத்தில் அதற்குத்தான் ஆதரவு அதிகம். "தம்பி, கார்டைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் போட்டால் எனக்குக் கணக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்று மூத்த கிராணியார் (அலுவலக எழுத்தர்) ஒருவர் என்னிடம் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் கணினி, கைப்பேசி, கேமரா என எங்கும் தடையின்றித் திறக்கும் கோப்பு முறைமை ஃபேட் ஒன்றே. ஆனால் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் அதற்குக் கிடையாது. ஒரு கோப்பு வளரும்போது ஒதுக்கீட்டு அட்டவணை, அதன் நகல், அடைவில் உள்ள அளவு ஆகிய மூன்றும் தனித்தனியாக எழுதப்படுகின்றன. இடையில் மின்சாரம் நின்றால் அளவு பழையதாகவும் அட்டவணை புதியதாகவும் நின்றுவிடும். மோசமான வேளையில் ஒரு கோப்பின் சங்கிலி மற்றொன்றோடு பின்னிக்கொள்ளும். அட்டவணை எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால், வெற்றுச் சில்லின்மேல் நேரடியாக வைத்தால் அந்த இடமே முதலில் தேயும்; அதற்காகவே இஎஸ்பி32-இன் மென்பொருள் தொகுப்பில் ஃபேட்டின் கீழே தேய்மானத்தைப் பரப்பும் தனி அடுக்கு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்துக் கோப்பு முறைமையால் நேர்ந்த பெரும் நெருக்கடி செவ்வாய்க் கோளில் நிகழ்ந்தது. 2004 ஜனவரியில் தரையிறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, சில வாரங்களுக்குள் பேச்சை நிறுத்திவிட்டு மீண்டும் மீண்டும் தன்னைத்தானே தொடங்கிக்கொண்டிருந்தது. அதன் 256 மெகாபைட் ஃபிளாஷில் டாஸ் வகைக் கோப்பு முறைமை இருந்தது. கோப்புகளின் எண்ணிக்கை பெருகப் பெருக அடைவு விவரங்களை நினைவகத்தில் ஏற்றுவதற்குத் தேவையான இடமும் பெருகி, ஒதுக்கிய அளவைத் தாண்டியதும் ஊர்தி நிலைகுலைந்தது; மறுபடி தொடங்கும்போது அதே ஃபிளாஷை ஏற்ற முயன்று மறுபடியும் விழுந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பி, பழைய கோப்புகளை நீக்கி, பிறகு சேமிப்பகத்தை மறுபடி வடிவமைத்து மீட்டார்கள். கோப்புகள் பெருகும்போது நினைவகத் தேவையும் பெருகுமா என்று ஒவ்வொரு கோப்பு முறைமையிடமும் கேட்டுப் பார்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

என் தீர்வு இரண்டையும் பிரித்து வைப்பதுதான். கருவி தன் உண்மைக் கணக்கைப் பலகையில் உள்ள சில்லில் லிட்டில்எஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்தியதும் அன்றைய பதிவுகள் ஃபேட் வடிவில் உள்ள கார்டுக்கு நகலாகச் செல்கின்றன. கார்டு கெட்டாலும் தொலைந்தாலும் மறு நகல் எடுக்கலாம். கிராணியாருக்குத் தேவையானதும் கிடைக்கிறது, மண்டோரின் எண்ணிக்கையும் பத்திரமாக இருக்கிறது.

லினக்ஸ் ஓடும் கருவிகளில், வெற்று ஃபிளாஷுக்கான பழைய பெயர் ஜேஎஃப்எஃப்எஸ்2. சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1999-இல் எழுதிய முதல் வடிவத்தை, டேவிட் உட்ஹவுஸ் ரெட் ஹாட்டில் இருந்தபோது 2001-இல் புதிதாக எழுதினார். எழுதுவதையெல்லாம் ஒரே நீண்ட பதிவேடாகச் சேர்த்துக்கொண்டே போவதும், சுருக்கி வைப்பதும், எழுத்தை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் சில்லுக்கு அனுப்புவதும் அதன் நல்ல குணங்கள். தொடங்கும்போது சில்லு முழுவதையும் வருடிப் பார்த்துத்தான் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று அது அறிகிறது. சில்லு பெரிதாகப் பெரிதாக அந்த நேரமும் நினைவகமும் வளர்கின்றன. 8 அல்லது 16 மெகாபைட் நோர் உள்ள ரூட்டரில் இது இன்றும் நன்றாக வேலை செய்கிறது. நூறு மெகாபைட்டைத் தாண்டிய நாண்டில் அது எழும்வரை எடை மேடையில் லாரிகள் காத்து நிற்க வேண்டும். சார்ல்ஸ் மேனிங் நாண்டுக்கென்றே எழுதிய யாஃப்ஸ் தொடக்க கால ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெருமளவில் பயன்பட்டது. லினக்ஸின் மூலக் கருவில் அது சேரவில்லை என்பதால், பல ஆண்டுகள் பராமரிக்க வேண்டிய கருவியில் அதை நான் எடுப்பதில்லை.

வெற்று நாண்டில் என் தேர்வு யூபிஐஎஃப்எஸ். நோக்கியாவின் பொறியாளர்கள் ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய இது 2008-இல் லினக்ஸ் 2.6.27-இல் சேர்ந்தது. இதன் சிறப்பு, வேலையை இரண்டு அடுக்குகளாகப் பிரித்ததில் இருக்கிறது. கீழே உள்ள யூபிஐ அடுக்கு, பழுதான தொகுதிகளை ஒதுக்குகிறது, ஒவ்வொரு தொகுதியும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்று கணக்கு வைக்கிறது, அசையாமல் கிடக்கும் தரவையும் தேய்ந்த தொகுதிக்கு இடம் மாற்றித் தேயாத தொகுதியை விடுவிக்கிறது, வாசிக்கும்போது பிட் புரண்டிருந்தால் திருத்திய நகலை வேறிடத்தில் எழுதுகிறது. 1,024 தொகுதிகளுக்கு 20 என்ற விகிதத்தில் மாற்றுத் தொகுதிகளை அது இயல்பாகவே ஒதுக்கி வைக்கிறது. 128 மெகாபைட் சில்லில் அது 2.5 மெகாபைட். மேலே உள்ள யூபிஐஎஃப்எஸ் தன் கோப்பு அட்டவணையைச் சில்லிலேயே மரமாக வைத்திருப்பதால், தொடங்கும்போது உள்ளடக்கம் முழுவதையும் வருட வேண்டியதில்லை. யூபிஐ மட்டும் ஒவ்வொரு தொகுதியின் தலைப்பையும் வாசிக்கிறது. எங்கள் அளவுச் சில்லுகளில் அது உறுத்தும் நேரமன்று.

ஆலையின் கொதிகலன் பதிவிகளில் இதைத்தான் வைத்திருக்கிறேன். தகர உறைக்குள், கொதிகலனின் அருகில், நாள் முழுவதும் வெப்பத்தில் இருக்கும் பெட்டிகள் அவை. தேய்ந்த செல்லிலிருந்து மின்னூட்டம் கசிவதை வெப்பம் விரைவுபடுத்தும். புரண்ட பிட்டுகளைத் தேடித் திருத்தும் ஒரு கீழடுக்கு இத்தகைய இடத்தில் ஆடம்பரம் அன்று, அத்தியாவசியம். இதன்மேல் எனக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ஜேஎஃப்எஃப்எஸ்2 போலன்றி இது எழுத்தை நினைவகத்தில் தேக்கி வைத்துப் பிறகு அனுப்பும். தேங்கியதை உடனே சில்லில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் கட்டளையை அழைக்காத நிரல், எழுதிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் வெறுமையான கோப்பைக் காணலாம். இரண்டாவது, எம்எல்சி நாண்டில் ஒரு பக்கத்தை எழுதும்போது மின்சாரம் நின்றால் அதே செல்களைப் பகிரும் இணைப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்த தரவும் சிதையக்கூடும். இந்தக் காரணத்தால் புதிய லினக்ஸில் யூபிஐ அத்தகைய சில்லை எஸ்எல்சி போல நடத்தினால் ஒழிய ஏற்றுக்கொள்வதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று எம்எல்சி சில்லை வாங்கிவிட்டு, இந்த மறுப்பை நீக்கும் வழியைத் தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மறுப்பு நம்மைக் காப்பதற்காக வைக்கப்பட்டது.

எடை மேடைப் பெட்டிகளில் இஎம்எம்சி இருக்கிறது, அங்கே நிலைமை வேறு. தேய்மானத்தைப் பரப்பும் பொறுப்பு உள்ளே இருக்கும் கட்டுப்படுத்தியிடம் போய்விட்டதால், யூபிஐஎஃப்எஸ்ஸுக்கு அங்கே இடமில்லை. போட்டி இஎக்ஸ்டி4-க்கும் எஃப்2எஃப்எஸ்ஸுக்கும் இடையில்தான். இஎக்ஸ்டி4 2008 இறுதியில் நிலைபெற்றது, ஜர்னல் உண்டு, இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை அதை முடித்து வைக்கும், பழுது நேர்ந்தால் சரிசெய்யும் கருவிகள் நீண்ட காலமாகச் சோதிக்கப்பட்டவை. சாம்சங்கில் ஜேகுக் கிம் எழுதி 2013-இல் லினக்ஸ் 3.8-இல் சேர்ந்த எஃப்2எஃப்எஸ், கட்டுப்படுத்தியின் போக்குக்கு ஏற்ப எழுத்துகளை வரிசையாகச் சேர்த்து அனுப்புகிறது. சிறு சிறு எழுத்துகள் அதிகமுள்ள கைப்பேசியில் அதன் வேகம் தெரியும். எனக்கு வேகம் தேவைப்படாத இடத்தில் பழகிய பழுதுநீக்கியின் அருமையே பெரிது என்பதால் இஎக்ஸ்டி4-ஐ வைக்கிறேன். கோப்பை வாசித்த நேரத்தைக் குறிக்கும் வீண் எழுத்தை நோஏடைம் விருப்பத்தால் நிறுத்திவிடுகிறேன்.

இவ்வகைச் சாதனத்தில் பலர் கவனிக்காதது எழுத்து பெருகும் விதம். ஒரு பதிவு 40 பைட் என்று கொள்வோம். நொடிக்கு ஒன்று எழுதினால் நாளுக்கு 86,400 பதிவுகள், 3.5 மெகாபைட்டுக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் எஃப்சிங்க் அழைத்து, ஒவ்வொரு அழைப்பும் மலிவான கட்டுப்படுத்தி ஒன்றை 4 மெகாபைட் தொகுதி முழுவதையும் மாற்றி எழுத வைக்கும் மிக மோசமான நிலையைக் கற்பனை செய்தால், நாளுக்கு 345 ஜிகாபைட் ஆகிறது. 3,000 அழிப்புகளைத் தாங்கும் 8 ஜிகாபைட் சாதனத்தின் மொத்த ஆயுள் 24,000 ஜிகாபைட்; அது 70 நாட்களுக்குள் தீர்ந்துவிடும். அதே பதிவுகளை நினைவகத்தில் சேர்த்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால், அதே மோசமான கணக்கில் 11 ஆண்டுகளுக்குமேல் வரும். நல்ல கட்டுப்படுத்திகள் இவ்வளவு மோசமாக நடந்துகொள்வதில்லை என்றாலும், எந்தக் கட்டுப்படுத்தி உள்ளே இருக்கிறது என்பதைக் கார்டின் மேலுறை சொல்வதில்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் இருந்த 8 ஜிகாபைட் இஎம்எம்சி, இடைவிடாத எழுத்தால் தேய்ந்து, திரையும் பின்புறக் கேமராக் காட்சியும் செயலிழந்தன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் வலியுறுத்தலுக்குப் பிறகு 2021 தொடக்கத்தில் ஏறக்குறைய 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தனை பெரிய கருவியிலேயே நிரல்கள் எவ்வளவு எழுதுகின்றன என்பதை அளந்து பார்க்காமல் விட்டால் இதுதான் விளைவு.

மின்சாரம் நிற்பதைப் பொறுத்தும் கட்டுப்படுத்திக்கு ஒரு பலவீனம் உண்டு. அது உள்ளே தரவை இடம் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், பல நாட்களுக்கு முன் எழுதிப் பத்திரமாக இருந்த பகுதியும் கெடலாம். மேலே இருக்கும் ஜர்னலால் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பகுதி நகர்ந்ததே அதற்குத் தெரியாது. தொழிற்துறைத் தரத்தில் மின்தடைக் காப்போடு வரும் கார்டுகள் விலை அதிகம். எடை மேடைக்கு அந்த விலையைக் கொடுங்கள் என்று தோட்ட நிர்வாகிகளிடம் நான் வாதாடுவது வழக்கம். கைப்பேசிக் கடையில் கிடைக்கும் சாதாரண கார்டு நகல் எடுப்பதற்குப் போதும்.

இயங்குதளத்தை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வாசிக்க மட்டும் இயலும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் சுருக்கி வைத்து, மாறும் அமைப்புகளை மட்டும் மேலடுக்காக வேறு பகுதியில் வைப்பது ஓபன்டபிள்யூஆர்டி இயங்குதளம் ஓடும் ரூட்டர்களில் நெடுங்காலமாக நிலைபெற்ற முறை. எழுதப்படாத பகுதியை மின்தடை சிதைக்க வழி மிகக் குறைவு. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைப் பயன்படுத்துபவர்களுக்கும் அதன் அமைப்புப் பட்டியலிலேயே மேலடுக்கு முறை இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் இயங்குதளம் இருக்கும் வேர்ப்பகுதிக்கான எழுத்துகள் நினைவகத்தோடு நின்றுவிடும். அப்படிச் செய்யும்போது பதிவுகளுக்கென்று தனிப்பகுதி ஒன்றை ஒதுக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு மின்தடைக்கும் கணக்கும் சேர்ந்தே மறைந்துபோகும்.

எந்தக் கோப்பு முறைமையை எடுத்தாலும் நிரல் எழுதுபவர் தன் பங்கைச் செய்ய வேண்டும். அமைப்புக் கோப்பை மாற்றும்போது அதன்மேலேயே எழுதாமல், புதிய பெயரில் எழுதி, எஃப்சிங்க் அழைத்து, பிறகு பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். லிட்டில்எஃப்எஸ், யூபிஐஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 மூன்றிலும் பெயர் மாற்றம் பிளவுபடாமல் நிகழும். பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக இருக்கும். மின்வடிவமைப்பாளரின் பங்கும் உண்டு. மின்சாரம் ஒரே கணத்தில் பூஜ்ஜியமாவதில்லை, சரிந்து விழுகிறது. அந்தச் சரிவில் செயலி தடுமாறியபடி சில்லுக்குத் தவறான கட்டளை அனுப்பினால் எந்தக் கோப்பு முறைமையும் காப்பாற்றாது. குறைமின்னழுத்தத்தைக் கண்டு செயலியை நிறுத்தும் சுற்றை இயக்கி வைப்பதும், தொடங்கிய எழுத்தை முடிக்கும் அளவுக்கு ஒரு மின்தேக்கியைச் சேர்ப்பதும் சில ரிங்கிட்டில் முடியும் வேலைகள்.

புதிய இஎம்எம்சி சாதனங்கள் தம் தேய்மானத்தைத் தாமே பத்து விழுக்காட்டுப் படிகளில் சொல்கின்றன. லினக்ஸில் எம்எம்சி கருவித்தொகுப்பால் அந்த எண்ணை வாசிக்கலாம்: 1 என்றால் ஆயுளில் பத்து விழுக்காடு வரை செலவாகியிருக்கிறது, 10 என்றால் கடைசிப் பத்து விழுக்காட்டில் இருக்கிறது, 11 என்றால் உற்பத்தியாளர் மதிப்பிட்ட ஆயுள் கடந்துவிட்டது. எடை மேடைப் பெட்டிகளின் பராமரிப்புத் தாளில் இந்த எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். 7-ஐத் தொட்ட பெட்டியில் எந்த நிரல் அளவுக்கு மீறி எழுதுகிறது என்று முதலில் பார்க்கிறேன், 9-ஐத் தொட்டதன் பலகையை அடுத்த மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடும்படி தோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன்.